ஓய்வுக்குப் பின் அயல்நாட்டில் ஆங்கில ஆசிரியர்



ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெறும் நாள் விந்தையான நாள். காலையில் அவர் வகுப்பினுள் நுழைந்ததும் எழுந்து நின்று வணங்கிய மாணவர்களே, மாலையில் மாலையிட்டு வழியனுப்பி வைக்கிறார்கள். மறுநாட் காலையிலும் அதே பள்ளியில் மணி அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அவருக்காக அடிக்கும் மணி அன்று. தமிழ்நாட்டில் அரசு ஆசிரியரின் ஓய்வு வயது 60; தெலங்கானாவில் 2021-ஆம் ஆண்டு முதல் 61. அந்த வயதில் உடல் தளர்ந்து போவதில்லை. அறிவும் மழுங்கிப் போவதில்லை. முப்பது, முப்பத்தைந்து ஆண்டு இலக்கணம் கற்பித்த நாவுக்கு வேலை மட்டும் நின்று போகிறது.

இந்நிலையில்தான், "வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க ஆள் தேடுகிறார்களாமே, போய் வந்தால் என்ன?" என்ற எண்ணம் பலர் உள்ளத்தில் எழுகின்றது. ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வாழும் நம்மவரிடையே இக்கேள்வி அடிக்கடி காதில் விழுகின்றது. இதனை ஆசையின் கண்கொண்டு மட்டும் பாராமல், அச்சத்தின் கண்கொண்டு மட்டும் பாராமல், உள்ளது உள்ளவாறு சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

இரட்டை நகரங்களில் வாழும் தமிழர்க்குக் கல்விப் பணி புதியதன்று. செகந்திராபாத்தில் உள்ள மகபூப் கல்லூரி 1862-ஆம் ஆண்டில் சோமசுந்தர முதலியார் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. விவேகானந்தர் அமெரிக்கா செல்லுமுன், 1893-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், மேலைநாட்டில் தாம் ஆற்றப் போகும் பணியைப் பற்றிப் பேசியது இக்கல்லூரியிலேதான். பிறந்த ஊரை விட்டு வந்த தமிழர் ஒருவர் எழுப்பிய கல்விக் கூடத்தில், கடல் கடந்து செல்லப் போகும் ஒருவர் தம் நோக்கத்தை வெளியிட்டார் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, இந்நகரத்துக்கும் நம் பொருளுக்கும் உள்ள தொடர்பு விளங்கும்.

அதனினும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. ஆங்கிலத்தை எவ்வாறு கற்பிப்பது என்பதையே ஆராய்வதற்கென 1958-ஆம் ஆண்டில் மத்திய ஆங்கில நிறுவனம் ஐதராபாத்தில் நிறுவப்பெற்றது. கன்னட அறிஞர் வி. கி. கோகாக் அதன் தொடக்க கால இயக்குநராய் இருந்து அதனை வளர்த்தார். 1972-ஆம் ஆண்டில் பிற அயல்மொழிகளும் சேர்ந்து அதன் பெயர் விரிந்தது. 2007-ஆம் ஆண்டு முதல் அது ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம் என்னும் மத்தியப் பல்கலைக்கழகமாய் விளங்குகின்றது. 1964-ஆம் ஆண்டில் நம் நாடு தொடங்கிய தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தின் வழியாக, பிறநாட்டு ஆசிரியர்களும் அலுவலர்களும் ஆங்கிலம் பயில இங்கே வந்திருக்கின்றனர். கம்போடியா, லாவோஸ், மியான்மர், வியட்நாம் ஆகிய நாடுகளில் இந்திய அரசு ஆங்கிலப் பயிற்சி நிலையங்கள் அமைத்தபோதும் இப்பல்கலைக்கழகமே துணை நின்றது. ஆகவே, இந்தியர் ஆங்கிலம் கற்பிப்பதா என்று ஐயுறுவார்க்கு விடை தார்நாக்காவுக்கு அருகிலேயே இருக்கின்றது.

இனி, நமக்கு முன் சென்றவர்களின் வரலாற்றைப் பார்ப்போம். எத்தியோப்பியாவில் இத்தாலியரின் ஆட்சி 1941-ஆம் ஆண்டில் முடிவுற்ற பின், பேரரசர் ஹைலி செலாசி பள்ளிகளை மீண்டும் எழுப்ப முற்பட்டார். உள்நாட்டில் ஆசிரியர்கள் போதவில்லை. மேல்வகுப்புகளில் ஆங்கிலமே பயிற்று மொழியாய் இருந்தது. எனவே 1950-களிலும் 1960-களிலும் இந்தியாவிலிருந்து, சிறப்பாகத் தென்னகத்திலிருந்து, ஆசிரியர்கள் பெருந்தொகையினராய் அங்கே சென்றனர். தலைநகரில் மட்டுமன்றி, மலைப்புறத்துச் சிற்றூர்களிலும் அவர்கள் பாடம் சொன்னார்கள். நைஜீரியாவில் 1976-ஆம் ஆண்டில் அனைவர்க்கும் தொடக்கக் கல்வி என்ற திட்டம் வந்தபோதும், எண்ணெய் வருவாய் பெருகிய அக்காலத்தில், நம்மவர் பலர் அங்கே அழைக்கப்பெற்றனர். இமயத்தின் மடியில் உள்ள பூட்டான் 1961-ஆம் ஆண்டில் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியபின், இந்திய ஆசிரியர்களைக் கொண்டே தன் பள்ளிகள் பலவற்றை நடத்தியது. மாலத்தீவுகளின் உயர்நிலைப் பள்ளிகளிலும் நம் தென்னாட்டு ஆசிரியர்கள் நெடுங்காலமாய்ப் பணியாற்றி வருகின்றனர்.

இவ்வரலாறு பெருமைக்குரியது, அதே சமயம் எச்சரிக்கைக்கும் உரியது. எத்தியோப்பியாவில் 1974-ஆம் ஆண்டில் புரட்சி மூண்டு மன்னராட்சி வீழ்ந்தது. நைஜீரியாவில் 1986-ஆம் ஆண்டையொட்டி அந்நாட்டு நாணயமாகிய நைராவின் மதிப்பு சரிந்தது. சம்பளத் தாளில் எண்கள் குறையவில்லை. ஊருக்கு அனுப்பும் ரூபாய்தான் குறைந்தது. பலர் மூட்டை கட்டித் திரும்பினர். இளைஞன் ஒருவன் இத்தகைய இழப்பிலிருந்து மீண்டெழுந்து விடலாம். அறுபது கடந்தவர்க்கு அது எளிதன்று. ஆகவே, சம்பளம் எந்த நாணயத்தில் வழங்கப்படும், அதில் எவ்வளவு தாயகத்துக்கு அனுப்பலாம், ஒப்பந்தம் இடையில் முறிந்தால் திரும்பும் பயணச் செலவு யாருடையது என்ற மூன்று கேள்விகளையும் புறப்படுமுன் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே விடை பெற வேண்டும்.

கதவுகள் எங்கெங்கே திறந்திருக்கின்றன, எங்கெங்கே அடைத்திருக்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தென்கொரியா மொழியாசிரியர்க்குரிய அனுமதியைப் பெரும்பாலும் ஏழு நாட்டினர்க்கே ஒதுக்குகின்றது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. சீனாவிலும் ஏறத்தாழ இதே நோக்கம். அன்றியும் 60 வயது கடந்தவர்க்கு அங்கே பணி அனுமதி பொதுவாகக் கிடைப்பதில்லை. தாய்லாந்தில் இந்தியர் பலர் கற்பிக்கின்றனர். ஆயினும் பள்ளியில் பணியாற்ற அந்நாட்டு ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ, தற்காலிக விலக்கோ வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத நாட்டினர் தம் ஆங்கில அறிவுக்குத் தேர்வுச் சான்று காட்ட வேண்டும் என்றும் அங்குள்ள பள்ளிகள் பெரும்பாலும் கேட்கின்றன.

இங்கேதான் ஓர் உறுத்தல் பிறக்கின்றது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்துத் தேர்வு எழுத வைத்தவர், தம் 61-ஆம் வயதில், பேரன் வயதுடைய பிள்ளைகளோடு வரிசையில் அமர்ந்து, தமக்கு ஆங்கிலம் தெரியும் என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது! கடவுச்சீட்டின் நிறத்தைக் கொண்டு ஆசிரியரின் திறமையை அளப்பது நேர்மையாகுமா? ஆகாது. அந்த அநீதியை மனத்தில் குறித்துக் கொள்வோம். ஆனால் அதற்காக மனம் கசந்து வீட்டில் முடங்குவதனால் பயன் யாது? அடைத்த கதவைத் தட்டிக் கொண்டிராமல், நம் தகுதி உண்மையிலேயே வேண்டப்படும் இடத்தை நாடுவதே அறிவுடைமை.

அந்தத் தகுதி யாது என்று கேட்கலாம். ஆங்கிலத்தைத் தாயின் மடியில் கற்றவனுக்கு அம்மொழி மூச்சு விடுவது போல் வருகிறது. ஆதலால் மாணவன் எங்கே இடறுவான் என்பது அவனுக்குத் தெரிவதில்லை. நாமோ இடறி விழுந்து, எழுந்து, கற்றவர்கள். அதிலும் தமிழர்க்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வந்து நிற்கிறது: "நான் நேற்றுச் சந்தைக்குப் போனேன்." ஜப்பானியம், கொரிய மொழி, பர்மிய மொழி, பூட்டானின் திசோங்கா, மாலத்தீவின் திவெகி, எத்தியோப்பியாவின் அம்காரிக் ஆகிய மொழிகளிலும் வினை இறுதியிலேதான் வருகிறது. ஆங்கிலத்தில் அது நடுவிலே நிற்கிறது. இறுதியில் நிற்கும் வினையை எடுத்து நடுவே வைக்கும் அந்தப் பயிற்சியை நாம் சிறுவயதில் பட்டுப் பட்டுப் பெற்றோம். ஆகையால் அந்நாட்டுப் பிள்ளை தயங்கி நிற்கும் இடம் எது என்று நாம் கேளாமலே அறிவோம். "எ", "த" என்னும் சுட்டுச் சொற்கள் தமிழில் இல்லை. ஜப்பானியத்திலும் கொரிய மொழியிலும் இல்லை. அவற்றை எங்கே இடுவது, எங்கே விடுவது என்று நாம் பட்ட பாட்டையே அவர்களும் படுகின்றனர்.

மாறாக, தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் ஆகிய நாடுகளின் மொழிகளில் வினை நடுவிலேதான் வரும். ஆனால் காலத்தைக் காட்ட வினைச்சொல் உருமாறுவதில்லை. எனவே அம்மாணவன் நேற்று நடந்ததையும் இன்று நடப்பது போலவே ஆங்கிலத்தில் சொல்லிவிடுவான். இங்கே சொல்வரிசையைப் பற்றிக் கவலையில்லை. காலங்களையே பயிற்ற வேண்டும். நாட்டுக்கு நாடு நோய் வேறு. ஆகவே மருந்தும் வேறு. புறப்படுமுன் அந்நாட்டு மொழியின் அமைப்பைப் பத்துப் பக்க அளவிலேனும் படித்துச் செல்லும் ஆசிரியர், முதல் வாரத்திலேயே மாணவர் மனத்தில் இடம் பெறுவார். ஐதராபாத்தில் வாழ்ந்த தமிழர்க்கு இதுவும் புதியதன்று. காய்கறி வாங்கத் தெலுங்கும், ஆட்டோ பிடிக்கத் தக்கணி உருதும், அலுவலகத்தில் இந்தியும் ஆங்கிலமும், வீட்டில் தமிழுமாய் வாழ்ந்தவர்க்குப் பிறமொழியார் நடுவே வாழும் கலை கைவந்த கலையன்றோ?

கற்பிக்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். நம்மிற் பலர் மேல்வகுப்பு மாணவர்க்குக் கவிதையும் கட்டுரையும் நடத்திப் பழகியவர்கள். அயல்நாட்டில் எதிர்ப்படும் மாணவன் பெரும்பாலும் தொடக்க நிலையினன். அவனுக்கு இலக்கிய நயம் பின்னர் வேண்டும். பேச்சு முதலில் வேண்டும். டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயக் கல்வியாளர், அன்றாட வாழ்வுக்கு இன்றியமையாத ஏறத்தாழ 2000 சொற்களைத் தொகுத்து 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டார். எத்தனை சொற்கள் தெரியும் என்பதினும், அடிக்கடி வேண்டப்படும் சொற்கள் தெரியுமா என்பதே முக்கியம் என்னும் உண்மையை அத்தொகுதி நிலைநாட்டியது. 1950-களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு நடந்த பெரிய பயிற்சி இயக்கமும் இவ்வழியையே பின்பற்றியது. பனிப்பந்து உருள உருளப் பெருப்பது போல, பயிற்சி பெற்ற சிலர் பலரைப் பயிற்றினர். ஒவ்வொரு வாக்கிய அமைப்பையும் பொருளைக் காட்டி, செயலைச் செய்து காட்டி, வாயாரச் சொல்ல வைத்த பின்னரே எழுதச் செய்தனர். அந்தப் பழைய பாடம் இன்றும் பழுதாகவில்லை. மேசைமேல் ஒரு புத்தகத்தை வைத்து, "புத்தகம் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டு, பிள்ளையையே சொல்ல வைப்பது, பலகையில் பத்து விதிகள் எழுதுவதினும் மேலானது. நம் உச்சரிப்பைப் பற்றியும் நாணம் வேண்டாம். ஆங்கிலேயரைப் போலப் பேச வேண்டுவதில்லை. கேட்பவர்க்குத் தெளிவாய் விளங்கப் பேச வேண்டும். சற்றே மெதுவாய், சொற்களின் ஈற்றொலியை விழுங்காமல் பேசினாற் போதும்.

இனி, நடைமுறைச் செய்திகள். பட்டச் சான்றிதழ்களை மாநிலக் கல்வித் துறை வழியாகச் சரிபார்க்கச் செய்து, பின்னர் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை பெற வேண்டும். 2005-ஆம் ஆண்டு முதல் இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்திருப்பதால், அவ்வுடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்கு அம்முத்திரை ஒன்றே போதும். மற்ற நாடுகளுக்கு அவற்றின் தூதரகச் சான்றும் தேவைப்படும். அமைச்சகத்தின் கிளைச் செயலகம் ஐதராபாத்திலும் சென்னையிலும் இருக்கின்றது. வேறு மாநிலத்தில் பட்டம் பெற்றவர்க்கு அம்மாநிலத்திலேயே சரிபார்க்க வேண்டியிருக்கும் ஆதலால், மதுரையில் படித்துச் செகந்திராபாத்தில் ஓய்வு பெற்றவர் இதற்குப் போதிய நாட்களை ஒதுக்கி வைத்துக் கொள்வது நலம்.

ஆள்சேர்க்கும் முகவர்களைப் பற்றி மிகுந்த எச்சரிக்கை வேண்டும். முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவராய் இருத்தல் வேண்டும். அவர் பெயர் அமைச்சகத்தின் இ-மைக்ரேட் பட்டியலில் உள்ளதா என்று பார்க்கலாம். பதிவு பெற்ற முகவர் பெறத்தக்க கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும் என்று வரம்பு வகுத்திருக்கின்றனர். இலட்சக் கணக்கில் கேட்பவர் எவராயினும் அவரை விட்டு விலகுக. தெலங்கானாவில் டாம்காம் என்னும் அரசு நிறுவனமும், தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டில் தோன்றிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இத்துறையில் இருக்கின்றன. முதலில் அங்கே விசாரிப்பது முறை.

இங்கே நுட்பமான ஒரு செய்தி உண்டு. படிப்பு குறைந்த தொழிலாளர் குறிப்பிட்ட சில நாடுகளுக்குச் செல்லும்போது, குடிபெயர்வோர் காப்பாளர் அலுவலகம் அவர்தம் ஒப்பந்தத்தைப் பார்த்தே அனுமதி அளிக்கின்றது. பட்டதாரியாகிய ஆசிரியர்க்கு அந்த அனுமதி தேவையில்லை. இதனைச் சலுகை என்று மகிழ்கிறோம். ஆனால் அதன் மறுபுறம் யாது? நம் ஒப்பந்தத்தைப் புறப்படுமுன் எந்த அதிகாரியும் படித்துப் பார்ப்பதில்லை! ஆகவே நமக்கு நாமே காப்பாளர். "சுற்றுலா அனுமதியில் வந்து சேருங்கள், பிறகு பணி அனுமதியாக மாற்றிக் கொள்ளலாம்" என்று எவரேனும் எழுதினால், அக்கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுக. அவ்வாறு சென்று பிடிபட்டால் குற்றவாளியாய் நிற்பவர் ஆசிரியரே, அழைத்தவர் அல்லர்.

ஓய்வூதியம் பெறுவோர்க்கு இன்னும் சில. ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்று அளிக்க வேண்டும்; மத்திய அரசு ஓய்வூதியர் நவம்பரிலும், மாநில ஓய்வூதியர் தத்தம் கருவூலம் குறிக்கும் காலத்திலும் அளிப்பர். 2014-ஆம் ஆண்டில் வந்த ஜீவன் பிரமாண் என்னும் மின்வழிச் சான்று முறையும், இந்தியத் தூதரக அதிகாரியின் சான்றும் இதற்கு உதவும். மத்திய அரசின் குரூப் ஏ பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், அயல்நாட்டு அரசின்கீழ்ப் பணி ஏற்பதாயின் முன்னதாக அனுமதி பெற வேண்டும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய கேள்வி ஒன்று வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. கணவர் பூட்டானில் ஒரு பள்ளத்தாக்கில் பாடம் சொல்லப் போகிறார். மனைவி மாரேட்பள்ளியில் தனியே இருப்பதா? உடன் சென்றால் அவர்தம் இரத்த அழுத்தத்துக்கு அங்கே மருத்துவர் உண்டா? எண்பத்தைந்து வயதுத் தாயாரை யாரிடம் ஒப்படைப்பது? ஓய்வு என்பது ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று. அத்தனை ஆண்டுகளும் விடியலில் எழுந்து அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தவருக்கும் உரியது. அவர் மனமொப்பாத பயணம், எவ்வளவு சம்பளம் தந்தாலும், நட்டக் கணக்கேயாகும். இருவரும் சேர்ந்து அமர்ந்து, ஓராண்டு என்று எல்லை வகுத்து, பின் திரும்பி வந்து மறுபடி சிந்திப்பது பெரும்பாலார்க்குப் பொருந்தும்.

செல்ல இயலாதவர் வருந்த வேண்டுவதில்லை. இன்று இணையத்தின் வழியே, வீட்டுக் கூடத்தில் அமர்ந்தவாறே அயல்நாட்டு மாணவர்க்குக் கற்பிக்க இயல்கின்றது. ஜப்பானில் நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னே. எத்தியோப்பியாவில் இரண்டரை மணி பின்னே. ஜப்பானில் மாலைப்பொழுது நமக்குப் பிற்பகல். உணவுண்டு சற்றே இளைப்பாறிய பின் பாடம் தொடங்கலாம். அதுவும் வேண்டாமெனில், அயல்நாடே நம் தெருவுக்கு வந்திருக்கிறது. உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் ஆப்பிரிக்க, மேற்காசிய நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் பயில்கின்றனர். அவர்களிற் பலர் ஆங்கில விரிவுரையைப் பின்பற்ற முடியாமல் அறையில் தனியே திணறுவர். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு குவளைத் தேநீரோடு அவர்க்குத் துணை நிற்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர், கடவுச்சீட்டு இல்லாமலே அயல்நாட்டில் பணியாற்றியவர் ஆகிறார்.

சுருங்கச் சொன்னால், பொருள் ஈட்டுவதையே நோக்கமாகக் கொண்டு புறப்படுவோர் பெரும்பாலும் ஏமாற்றம் அடைவர். வழிச்செலவும் வைத்தியச் செலவும் போக மிஞ்சுவது சிறிதே. கற்பிப்பதில் உள்ள இன்பம் இன்னும் தீரவில்லை என்று உணர்வோர், உடலும் இல்லமும் இடம் கொடுத்தால், ஆவணங்களைச் செம்மை செய்துகொண்டு துணிந்து செல்லலாம். எத்தியோப்பிய மலையூரில் அன்று பாடம் சொன்ன தென்னாட்டு ஆசிரியரின் பெயர் எந்த நூலிலும் இடம் பெறாமற் போயிருக்கலாம். ஆனால் அவரிடம் எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளை பின்னாளில் தன் பிள்ளைக்கு அதே எழுத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கும்.

மணி அடிப்பது நின்றுவிட்டதே என்று மனம் சோர வேண்டாம். கற்க விரும்பும் ஒரு பிள்ளை எதிரே வந்து அமர்ந்துவிட்டால், அங்கே வகுப்பு தொடங்கிவிட்டது என்பதே பொருள்.